பனங்குற்றியில் பதினொருவர்

2023ஆம் ஆண்டு பெப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை, காலை 8.10. விடியற்புறம் இருந்த மூடுபனி ஏழரைக்கே கலைந்துவிட்டது. காற்று இல்லை. இளவெயில். சனசமூக நிலையக் காணியின் பின்புறக் குட்டையில், பாதி அமிழ்ந்து கிடந்த பனங்குற்றியின்மேல் ஆமைகள் பத்து.

இதை நினைவிலிருந்து எழுதவில்லை. சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சிறிய கொப்பியில் அன்று குறித்ததைப் பார்த்து எழுதுகிறேன். முப்பத்தாறு வருடம் தபாற்கந்தோரில் இருந்தவன் நான். எண்ணாமல் ஒன்றையும் கையேற்றதில்லை. ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பேருந்தில் நிற்பவர்களை எண்ணுவேன், கோயிலில் உடைக்கும் தேங்காய்களை எண்ணுவேன். மனைவி உயிரோடு இருந்தபோது, தோசையை எண்ணாமல் சாப்பிடும்படி சண்டை பிடிப்பாள்.

நான் பத்து என்று குறித்தபோது, பக்கத்துப் பனை வடலிக்குப் பின்னால் குந்தியிருந்தவர் கமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே மெல்லச் சொன்னார்.

"பதினொண்டு ஐயா."

மற்றது எங்கே என்று கேட்டேன். எதிர்க்கரைக் கல்லில் வழமையாக ஒன்று தனியே வந்து ஏறும் என்றும், ஓட்டின் விளிம்பில் மண்வெட்டி பட்ட காயம் உள்ளது என்றும், இன்று இன்னும் வரவில்லை என்றும் சொன்னார். கல் வெறுமையாக இருந்தது. காணாததை நான் எழுதுவதில்லை. பத்து என்றே விட்டேன்.

அவரை ஊரில் எல்லாரும் ஸ்ரூடியோ அண்ணை என்பார்கள். எனக்கு ஒன்பது வயது இளையவர் என்பதால் நான் 'நீர்' போட்டுக் கதைப்பேன். உரும்பிராய்ப் பக்கம் போகும் தெருவின் சந்தியில் அவருடைய கடை. முன்னுக்கு ஒரு மேசை, பின்னுக்கு நீலத் திரை, திரைக்கு முன்னால் மூன்று கதிரை. அந்த மூன்று கதிரைக்குள் அவர் இருபது பேரைக் கூட அடக்கிவிடுவார். கலியாணம், சாமத்தியம், அறுபதாம் ஆண்டு நிறைவு எல்லாவற்றுக்கும் அவர்தான். தனி ஆள் படம் அவருக்குப் பிடிக்காது. அடையாள அட்டைக்கு எடுக்க வருபவரிடம்கூட, வீட்டில் வேறு ஆர் ஆர் இருக்கினம் என்று விசாரிப்பார்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்காரர் எல்லாரும் ஒரே நாளில் ஒரே முற்றத்தில் நிற்பது என்பது நடக்காத காரியம். ஒருவர் கனடா, ஒருவர் சுவிஸ், ஒருவருக்கு விசா இல்லை. ஆகவே குடும்பப் படம் எடுப்பதென்றால், இருப்பவர்களை இடைவெளி விட்டு நிறுத்தி எடுப்பார். பிறகு வெளிநாட்டில் உள்ளவர்களுக்குச் செய்தி போகும். காலை ஒன்பது மணிக்கு, வெயில் இடப்பக்கம் விழ, சப்பாத்துத் தெரிய நின்று படம் எடுத்து அனுப்பவேண்டும். வந்ததும் இடைவெளிகளில் ஒட்டுவார். முன்பு கத்தரிக்கோலும் பசையும் கொண்டு செய்தது, பிற்காலத்தில் கணினியில். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கொடுக்கும், கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகங்களில், இறந்தவரைச் சுற்றி எட்டுப் பிள்ளைகள் நிற்கும் படத்தைப் பார்ப்பீர்கள். அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் அந்த முற்றத்தை இருபது வருடமாக மிதித்திருக்கமாட்டார்கள். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை.

ஒரு வீட்டில் மருமகளோடு சண்டை வந்து, அவளைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு கலியாணத்தின் படவேலை முழுதும் அதற்குப் பதிலாகத் தருவதாகப் பேச்சு. அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். எனக்குச் சேர்க்கத்தான் தெரியும், வெட்டத் தெரியாது என்று சொன்னாராம். சொன்னதை அந்த வீட்டார் ஆத்திரத்தோடு ஊர் முழுக்கப் பரப்பினார்கள். அதுவே அவருக்கு விளம்பரமாகிவிட்டது.

எல்லாச் சேர்ப்பும் நன்றாக முடிந்ததென்று சொல்லமாட்டேன். பதினேழு வயதில் காணாமல் போன மகனையும் சேர்த்து ஒரு படம் வேண்டும் என்று ஒரு தாய் வந்தார். மற்றச் சகோதரர்களுக்கு நாற்பது கடந்துவிட்டது. இவர் பத்து நாள் இருந்து, அந்தப் பையனின் முகத்தைச் சிறிது சிறிதாக முதிரவைத்து, காதோரம் நரை வைத்து, தம்பிமாருக்கு நடுவில் நிறுத்தினார். அந்த அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, இது ஆர் தம்பி என்று கேட்டார். அவ்வளவுதான். இவர் வாங்கிக்கொண்டு போய், நரைத்த தம்பிமாருக்கு நடுவில் பதினேழு வயதுக்காரனையே வைத்துக் கொடுத்தார். அந்த வீட்டுச் சுவரில் இன்றும் அது இருக்கிறது. நான் அதைப் பார்க்காமல் கடந்து போவேன்.

என் வீட்டிலும் ஒன்று உண்டு. என் எழுபதாவது பிறந்தநாளுக்கு நோர்வேயில் இருக்கும் மகன் வர முடியவில்லை. அவனைச் சேர்க்கும் வேலை நடந்தபோது, நான் கடையில் அவருக்குப் பக்கத்தில் மூன்று மணித்தியாலம் இருந்தேன். தொந்தரவாக இருந்திருப்பேன், ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் காட்டித் தந்தார். ஆளை ஒட்டுவது லேசு, காலடி நிழலை ஒட்டுவதுதான் கஷ்டம், நிழல் இல்லாதவரைக் கண் கண்டுபிடித்துவிடும் என்றார். என் மகனுக்கு ஒரு நிழல் செய்து கொடுத்தார். அதற்கு என்னிடம் ஒன்றும் வாங்கவில்லை.

அவர் ஆமைகளிடம் போனது பெருந்தொற்றுக் காலத்தில். ஊரடங்கில் கலியாணம் இல்லை, கூட்டம் இல்லை, கடை பூட்டு. ஒருநாள் குட்டைப் பக்கம் போனவர், பனங்குற்றியில் வரிசையாக ஏறியிருந்த ஆமைகளைக் கண்டிருக்கிறார். பெரியவர் நடுவில், சிறியவர் ஓரத்தில், ஆள் நிறுத்தினது போல இருந்தது என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து முடிந்த காலைகளில் எல்லாம் அங்கே.

அந்த வேலையை நான் கிட்ட இருந்து பார்த்தது அந்தப் பெப்ரவரி ஞாயிறு ஒருநாள்தான். ஆமைக்குக் கண் கூர்மை. ஒரு அசைவு போதும், பத்தும் தொப் தொப்பென்று தண்ணீருக்குள் விழுந்துவிடும். மீண்டும் முதலாவது தலை வெளியே வர இருபத்திரண்டு நிமிடம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அவர் குந்திய கால் மாற்றவில்லை. அன்று காலை முழுதும் நான் நான்கு தடவை மாற்றினேன், அதில் ஒரு தடவைதான் அவை விழுந்தன. அவர் கோபிக்கவில்லை. அவை மறுபடி ஏறத் தொடங்கியதும், கலியாண வீட்டில் சொல்வதுபோலவே வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கிட்ட வாங்கோ. பின்னுக்கு நிக்கிறவை, நாடியை உயத்துங்கோ."

இரண்டாவது ஆமை கழுத்தை நீட்டி நாடியை உயர்த்தியது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, கையைக் காட்டி என்னை அமத்தினார்.

குற்றி நீளம். அருகில் உள்ளது தெளிவாக விழுந்தால் தூரத்தில் உள்ளது மங்கும். ஆகவே கமராவை அசைக்காமல், முதலாவது ஆமையில் கூர்மை வைத்து ஒன்று, இரண்டாவதில் வைத்து ஒன்று என்று வரிசையாக எடுப்பார். ஒன்று தலையை உள்ளே இழுத்திருந்தால் அதற்கு இன்னொன்று. கடையில் வந்து எல்லாவற்றிலிருந்தும் நல்ல முகங்களை எடுத்து ஒன்றாக அடுக்கி, இருண்ட இடங்களைச் சற்று வெளிச்சமாக்கி, தண்ணீர்ப் பளபளப்பைத் தணிப்பார். குற்றிக்கு அருகில் ஒரு பிளாஸ்ரிக் போத்தல் மிதக்கும். அதை மட்டும் எந்தப் படத்திலும் அழிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அதுவும் அங்கைதானே இருக்கு என்றார்.

மார்ச் 5ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நிலையத்தில் கூட்டம். நான் செயலாளர். கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரவு வெளிச்சத்தோடு ஒரு கரப்பந்தாட்டத் திடல் கட்டித்தர முன்வந்திருந்தார்கள். இடம் போதாது, குட்டையை நிரப்பவேண்டும். தலைவர் நல்ல மனிதர், ஐம்பது வயது, வேடிக்கையாகக் கதைப்பவர். குட்டையில் இரண்டொரு ஆமை கிடக்கும், வாளியில் அள்ளி வேறு குளத்தில் விடலாம் என்றார். அப்போது பின்வரிசையில் ஸ்ரூடியோ அண்ணை எழுந்தார். கூட்டங்களில் அவர் எழுவது படம் எடுக்க மட்டும்தான்.

"ரெண்டொண்டில்லை. பதினொருத்தர் இருக்கினம். ஒரு குடும்பம்," என்றார்.

தலைவர் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. அப்படியானால் படம் எடுத்துக் காட்டுங்கள், ஐந்துக்கு மேல் இருந்தால் நிரப்புவதை நிறுத்தி, திடலுக்கு வேறு இடம் பார்ப்போம் என்றார். ஐந்துக்கு மேல். அந்த வசனத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதியது நான்தான். வாசிக்கிறவர்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: ஆறு போதும். அவரிடம் பத்து உள்ள படங்கள் எவ்வளவோ இருந்தன.

மார்ச் 26 ஞாயிறு, பின்னேரம் 4.30. வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். அவர் மூன்றடி அகலத்தில் ஒரு படம் அச்சடித்துக்கொண்டு வந்து, கரும்பலகையின் ஆணியில் தொங்கவிட்டார். நான் என் வாழ்நாளில் பார்த்த குடும்பப் படங்களில் அதற்கு ஈடாக ஒன்றில்லை. ஒவ்வொரு முகத்திலும் கண் தெரிந்தது, ஓட்டின் கோடுகள் தெரிந்தன, ஈரம் தெரிந்தது. போத்தலும் மிதந்தது. ஒரு பெண் கிட்டப் போய், விரல் வைத்து எண்ணி, பதினொன்று என்று சொன்னார். வலப்பக்கக் கடைசியில், ஓட்டின் விளிம்பு வெட்டுப்பட்ட ஒன்று.

நானும் எழுந்து போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினேன். குற்றியின்மேல் பதினொன்று. கீழே தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் உருவங்கள் பத்து. மூன்று தடவை எண்ணினேன். வெட்டுப்பட்டதற்கு மரத்தில் நிழல் இருந்தது, அளவாக, அழகாக இருந்தது. தண்ணீரில் உருவம் இல்லை. நாற்பது வருடமாக அவர் நிலத்தில் நிற்கும் மனிதரைத்தான் ஒட்டியிருக்கிறார். தண்ணீருக்கு மேலே இருப்பவரை ஒட்டிப் பழக்கமில்லை.

அந்தக் கணத்தில் எனக்கு உண்டானது கவலை அல்ல. சந்தோஷம். ஒத்துவராத கணக்கின் பிழையைக் கண்டுபிடித்தவனுக்கு வரும் சந்தோஷம். வாய் தானாகத் திறந்தது.

"ஆமை பதினொண்டு. தண்ணிக்குள்ளை பத்துத்தான் தெரியுது. ஒண்டு ஒட்டினது," என்றேன்.

தலைவர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார்.

"அப்ப உவர் கனடாவிலை இருக்கிற ஆமையோ, அண்ணை?"

மண்டபம் சிரித்தது. சுவர்ப் படத்தில் ஒட்டின மகன் இல்லாத வீட்டுக்காரர் அங்கே ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விடமுடியாது.

அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு தலைவரிடம் அல்ல, என்னிடம் சொன்னார்.

"அது எதிர்க்கரையிலை இருக்கிறது ஐயா. ஒருநாளும் குற்றிக்கு வராது. அதுக்காண்டி அதை விட்டிட்டு எப்பிடி எடுக்கிறது?"

தலைவர் நல்ல மனிதர் என்று முன்னரே சொன்னேன். சிரித்தபிறகும் அவர் என்னிடம் திரும்பி, ஒன்று ஒட்டினது சரி, மற்றப் பத்தும் உண்மையோ ஐயா, உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார். என்னைக் கேட்டதற்குக் காரணம், ஊரில் எண்ணிக்கை என்றால் என் வாய்ச்சொல்தான் முடிவு. ஸ்ரூடியோ அண்ணை என் சட்டைப்பையைப் பார்த்தார். கொப்பியின் ஓரம் வெளியே தெரிந்திருக்கும். பெப்ரவரி 12, காலை 8.10, ஆமைகள் பத்து. என் கையெழுத்தில் இருந்தது.

"படத்தை வைச்சு ஒண்டும் உறுதியாச் சொல்லேலாது," என்றேன்.

அது பொய் அல்ல. படத்தை வைத்துச் சொல்லமுடியாதுதான். இத்தனை இரவுகளில் எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தும் அந்த வசனத்தில் பொய் இல்லை. ஏன் கொப்பியை எடுக்கவில்லை என்பதற்கு நான் எனக்கே சொன்ன காரணங்கள் நான்கு: கேள்வி படத்தைப் பற்றியது, செயலாளர் பக்கம் சாயக்கூடாது, ஒன்றைப் பொய்யாக வைத்தவர் மற்றதையும் வைத்திருக்கலாம், ஆமைகள் இந்த இடைவெளியில் போயிருக்கலாம். நான்கும் சேர்ந்தும் ஒன்றாகவில்லை. உண்மையான காரணம், நான் கண்டுபிடித்த பிழை சிறிய பிழையாகிப் போவதை நான் விரும்பவில்லை.

நிரப்புவதற்கு ஆதரவாகக் கை தூக்கியவர்கள் முப்பத்தொன்று. எதிர்த்து நான்கு. தூக்காதவர்கள் எட்டு, அதில் நான் ஒருவன்.

வாசலில் செருப்புப் போடும்போது அவர் பக்கத்தில் வந்தார். படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"இண்டைக்குக் கொப்பி கொண்டு வரேல்லையோ ஐயா?"

"மறந்துபோனன்," என்றேன்.

அதுதான் பொய். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கொப்பி அவருடைய கண்ணுக்கு நேரே இருந்தது.

ஏப்ரலில் இயந்திரம் வைத்துக் குட்டையை இறைத்தார்கள். நான் போய் நின்றேன், எவரும் என்னை வரச்சொல்லவில்லை. சேற்றிலிருந்து ஆமைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உரப்பைகளில் போட்டார்கள். பதினொன்று. கடைசியாக எடுத்ததில் ஓட்டின் விளிம்பு வெட்டுப்பட்டிருந்தது. வேலைக்கு வந்தவர்களில் ஒருவன், இறைச்சிக்கு நல்ல சாமான் என்று மற்றவனிடம் பகிடி விட்டான். பகிடிதான் என்று நினைக்கிறேன். ஒரு சிறிய லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெற்கே ஒரு குளத்தில் விட்டதாகச் சொன்னார்கள். நான் அந்தக் குளத்தில் போய் எண்ணவில்லை. எழுபத்தாறு வயதில் அவ்வளவு தூரம் போவது கஷ்டம் என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று மத்தியானமே அவர் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நீர் சொன்னது சரி, பதினொன்றுதான், நான் கண்ணால் கண்டேன் என்றேன். மன்னிப்பு என்ற சொல் வாய்க்குள் இருந்தது, வெளியே வரவில்லை. அவர் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"ஒரு பையிலையோ, ரெண்டு பையிலையோ?"

இரண்டு பை, ஒன்றில் ஆறு, மற்றதில் ஐந்து என்றேன்.

"வெட்டுப்பட்டது எதிலை?"

அதை நான் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணியவன் அதை மட்டும் பார்க்கவில்லை. தெரியாது என்றேன். அவர் துணியை உதறிக் கொடியில் போட்டார். அதற்குமேல் அதைப்பற்றி என்னோடு கதைக்கவேயில்லை.

குடும்பப் படம் எடுப்பதையும் அவர் அந்தக் கூட்டத்தோடு நிறுத்திவிட்டார். கேட்டு வந்தவர்களைப் பட்டணத்துக் கடைக்கு அனுப்பினார். ஒரு கலியாண வீட்டில் யாரோ, மாப்பிள்ளையின் தமையனுக்கு நிழல் இருக்கோ என்று பார்த்துச் சொல்லுங்கோ என்று பகிடி விட்டதாகக் கேள்வி. அவர் ஒருநாள் சந்தியில் வைத்துச் சாதாரணமாக என்னிடம் சொன்னார்.

"இனி என்ரை படத்தை ஒருத்தரும் பாக்கமாட்டினம் ஐயா. எண்ணத்தான் செய்வினம்."

போன வருடம் மார்கழியில் நித்திரையிலேயே போய்விட்டார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபிறகு அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டார். கணினியில் உள்ளவற்றில் எதை வைத்திருப்பது, எதை அழிப்பது என்று தனக்கு விளங்கவில்லை, நீங்கள் படித்தவர், பார்த்துச் சொல்லுங்கள் என்றார். என் பங்கு என்ன என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. தேத்தண்ணி தந்தார், பலகாரம் தந்தார்.

குட்டைப் படங்கள் தனியாக இருந்தன, ஒவ்வொரு காலைக்கும் ஒரு கோப்பு, திகதி போட்டு. இரண்டு நாள் இருந்து பார்த்தேன். எட்டு இருக்கிறது, ஒன்பது இருக்கிறது, பத்து எத்தனையோ தரம் இருக்கிறது. எதிர்க்கரைக் கல்லில் வெட்டுப்பட்டது தனியே இருப்பதும் இருக்கிறது. பதினொன்றும் குற்றியில் இருக்கும் காலை ஒன்றுகூட இல்லை. கடைசிக் கோப்பு, படம் காட்டிய கூட்டத்துக்கு முதல்நாள். அதன்பிறகு கணினியில் எந்தப் படமும் இல்லை, ஆமையும் இல்லை, மனிதரும் இல்லை.

ஒன்றையும் அழிக்கவேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, கோப்புகளைக் கூட்டினேன். முதலில் இருநூற்றேழு வந்தது, மறுபடி கூட்டியபோது இருநூற்றாறு. மூன்றாம் தரமும் கூட்டினேன்.

இருநூற்றாறு காலைகள்.